கர்ப்பமும் வீட்டுப் பூனையும்: கொண்டுபோய் விடுவதற்கு முன்னால் (அனுபவப் பகிர்வு)

கால்நடை மருத்துவர்:
"மருமகள் உண்டாகியிருக்கிறாள், பூனையை எங்கே விடலாம் டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே கூடையோடு வருகிறவர்கள் நிறைய. பூனை முடி வயிற்றுக்குள் போய்க் குழந்தையைப் பாதிக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். முடி அப்படிப் போகாது. கவனிக்க வேண்டியது, கர்ப்பிணிக்குத் தொற்றினால் குழந்தைக்கும் போகக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை. எலி, குருவி, பச்சைக் கறி இவற்றைத் தின்று பூனைக்கு முதல்முறையாக இது தொற்றினால், ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் அதன் நுண்முட்டைகள் லட்சக்கணக்கில் வரும். அதற்குப் பிறகு பெரும்பாலான பூனைகள் ஆயுளுக்கும் அவற்றை வெளியேற்றுவதில்லை. ஆகவே வேட்டைக்குப் போகத் தொடங்கிய இளம்பூனைதான் அதிக ஆபத்து. வீட்டை விட்டு இறங்காமல் வேகவைத்த சோறும் மீனும் தின்று வளர்ந்த ஐந்து வயதுப் பூனையால் ஆபத்து மிகக் குறைவு.

இன்னொரு விஷயம் மனதில் பதியட்டும். புதிதாக விழுந்த மலத்தில் உள்ள முட்டை உடனே தொற்றாது. முதிர்வதற்கு 1 முதல் 5 நாள் வேண்டும். தினமும் மலம் அள்ளச் சொல்வது இதனால்தான்.

பூனைக்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்றால், எனக்குத் தெரிந்து காசு வீண். பாசிட்டிவ் என்றால் அது ஏற்கெனவே வெளியேற்றி முடித்திருக்கும். நெகட்டிவ் என்றால் நாளைக்கே ஓர் எலியைப் பிடித்துத் தொற்றிக்கொள்ளலாம். "பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டோம்" என்று நிம்மதியடையவும் வேண்டாம். அது நாக்குப்பூச்சிக்கும் நாடாப்புழுவுக்கும்தான், இதைத் தொடாது.

காப்பகத் தன்னார்வலர்:
லிட்டர் ட்ரே (பூனை மலம் கழிக்கிற மணல் தட்டு) பத்தி நான் சொல்றேன். அள்ளுற வேலையை வீட்ல வேற யாராவது எடுத்துக்கணும், அதுல பேச்சே இல்லை. காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. மணல் ரெண்டு, மூணு அங்குலம் ஆழம் இருக்கணும். கம்மியா போட்டா பூனை தோண்டும்போது அடித்தட்டுல ஒட்டிக்கும், சுரண்டுற வேலை வரும், தூசி பறக்கும். அள்ளினதை ரெண்டு கவர்ல போட்டு இறுக்கிக் கட்டிக் குப்பைல போடுங்க. டாய்லெட்ல கொட்டாதீங்க, செடிக்கு உரமாவும் போடாதீங்க.

வாரம் ஒருநாள் ட்ரேயைக் காலி பண்ணி, கொதிக்கிற தண்ணியை ஊத்தி அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க. டெட்டால், பினாயில், பிளீச்சிங் பவுடர் எதுக்கும் இந்த முட்டை சாகாது. சூடு ஒண்ணுக்குத்தான் சாகும். பிளாஸ்டிக் மெல்லிசா இருந்தா வளைஞ்சுடும், அதனால கெட்டியான ட்ரேயா வாங்குங்க.

வீட்டுக்கு எத்தனை பூனையோ அதைவிட ஒரு ட்ரே கூடுதலா வைங்க. ட்ரே அழுக்கா இருந்தா பூனை மெத்தைலயோ பூந்தொட்டிலயோ போயிடும், அப்போ ஆபத்து இன்னும் கிட்ட வந்துரும். புதுசா தெருக்குட்டி எதையும் இந்த ஒன்பது மாசம் உள்ளே சேர்க்காதீங்க. பாவமா இருந்தா வாசல்ல சாப்பாடு வைங்க, போதும்.

உறுப்பினர் கேள்வி:
கணவர் வெளியூர் வேலை. ட்ரே அள்ள வேற ஆளே இல்லைன்னா?

காப்பகத் தன்னார்வலர்:
அப்போ நீங்களே அள்ளலாம் தங்கச்சி, ஒருநாள் கூட விடாம அள்ளணும். யூஸ் அண்ட் த்ரோ கையுறை, மாஸ்க். கையுறையை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி உருவி அதே கவர்லயே போட்டுக் கட்டுங்க. அப்புறம் சோப்புப் போட்டு நகக்கண் வரைக்கும் தேய்ச்சுக் கழுவுங்க. ரெண்டு நாள் விட்டுப்போச்சுன்னா அன்னைக்கு மட்டும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்க.

உணவியல் நிபுணர்:
பூனையைத் துரத்திவிட்டு அடுக்களையைக் கவனிக்காமல் விடுகிற வீடுகள்தான் அதிகம். ஆறு ஐரோப்பிய நகரங்களின் கர்ப்பிணிகளை வைத்து நடத்தி 2000ல் வெளியான ஆய்வில், தொற்றுகளில் 30 முதல் 63 விழுக்காடு சரியாக வேகாத அல்லது பதப்படுத்திய இறைச்சியால் வந்தவை என்று கணக்கிட்டார்கள். மண் தொடர்பால் 6 முதல் 17 விழுக்காடு. பூனையோடு பழகுவது தனி ஆபத்துக் காரணமாக அதில் தேறவில்லை.

நம் வீடுகளில் குழம்புக் கறி நன்றாகத்தான் வேகிறது. தவறு வேறு இடத்தில் நடக்கிறது. ரத்தம் ஊறட்டும் என்று கர்ப்பிணிக்குச் சுவரொட்டியைத் தணலில் லேசாக வாட்டிக் கொடுப்பார்கள். வெளியே கறுத்திருக்கும், நடுவில் விரலால் அழுத்தினால் சிவப்பாகக் கசியும். அப்படிக் கொடுக்காதீர்கள், துண்டாக்கி வேகவைத்த பிறகு வறுங்கள். கோலா உருண்டைக்குப் பிசைந்த கறியைப் பச்சையாகவே நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பது இன்னொரு பழக்கம். ஒரு சிறு உருண்டையைப் பொரித்துப் பார்த்தால் தீர்ந்தது. கொத்துக்கறி உள்ளே 71 டிகிரி செல்சியஸ், கோழி 74 டிகிரி தொட வேண்டும். கறி நறுக்கிய பலகையிலேயே வெள்ளரிக்காயை நறுக்கக் கூடாது. ஆட்டுப்பால் என்றால் காய்ச்சித்தான்.

கீரை, கொத்தமல்லியை உப்பு மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்பது தவறு. உப்பும் மஞ்சளும் இலையில் ஒட்டிய ஒட்டுண்ணி முட்டையைக் கொல்லாது. ஓடும் தண்ணீரில் இலை இலையாக அலசும்போது அடித்துக்கொண்டு போவதுதான் பலன். ரசத்தை இறக்கியபின் தூவும் கொத்தமல்லி வேகவே இல்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

மாடித்தோட்டம் வைப்பவர்:
ஈரமண்ணில் இந்த முட்டை ஓர் ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். தொட்டி மண்ணைக் கிளறும்போது கையுறை போடுங்கள். தெருப்பூனை வந்து தோண்டுகிறதென்றால் மண்மேல் கூழாங்கல்லோ தேங்காய் மட்டையோ பரப்புங்கள். வீடு கட்டுகிற இடத்து மணல் குவியலை இரவில் தார்ப்பாயால் மூடுங்கள், தெருவிலுள்ள பூனைகளுக்கெல்லாம் அதுதான் கழிப்பிடம்.

தண்ணீரையும் விடாதீர்கள். 2004-05ல் கோயம்புத்தூரில் 248 பேருக்கு இந்த ஒட்டுண்ணியால் கண் பாதிக்கப்பட்டது. மாநகராட்சிக் குடிநீர் மீதுதான் சந்தேகம் விழுந்தது. பிரேசிலில் 2001ல் நடந்த பெரிய பரவலில், தண்ணீர்த் தொட்டி அருகே குட்டிகளோடு ஒரு பூனை தங்கியிருந்தது தெரியவந்தது. குளோரினுக்கு இது அடங்காது. மொட்டைமாடித் தொட்டிக்கும் சம்புக்கும் மூடி பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள், குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

மகப்பேறு மருத்துவர்:
ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஐஜிஎம் (தொற்று வந்ததும் உடம்பு முதலில் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ் என்று பார்த்ததும் அழுதுகொண்டு வருகிறார்கள். ஐஜிஎம் சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட ரத்தத்தில் தங்கும். அது ஒன்றை வைத்துப் புதுத்தொற்று என்று முடிவுகட்டக் கூடாது, கருவைக் கலைப்பது பற்றி நினைக்கவே கூடாது. அடுத்த படி ஐஜிஜி அவிடிட்டி பரிசோதனை. ஐஜிஜி என்பது பின்னால் உண்டாகி நீடித்துத் தங்கும் எதிர்ப்புப் பொருள்; அது கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதுதான் அவிடிட்டி, தொற்று பழசாகப் பழசாக அது கூடும். முதல் மூன்று மாதத்தில் எடுத்து அவிடிட்டி அதிகம் என்று வந்தால், தொற்று கருத்தரிப்பதற்கு முன்பே வந்தது என்று பெரும்பாலும் தைரியமாகச் சொல்லிவிடலாம். கருத்தரிக்கும் முன்பே ஐஜிஜி பாசிட்டிவ், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எதுவும் இல்லை என்றால் குழந்தைக்கு ஏறக்குறைய பாதுகாப்புதான். ஐஜிஜி நெகட்டிவ் ஆனவர்கள்தான் மேலே மற்றவர்கள் சொன்னதையெல்லாம் விடாமல் செய்ய வேண்டும்.

உண்மையிலேயே புதுத்தொற்று என்றாலும் மருந்து உண்டு. ஆரம்ப மாதங்களில் வந்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு குறைவு, போனால் பாதிப்பு கடுமை. கடைசி மாதங்களில் இது தலைகீழ். எந்த வாரம் என்று பார்த்துத்தான் மருந்தை மாற்றுவோம், அதனால் தாமதிக்காமல் வாருங்கள்.

கால்நடை மருத்துவர்:
யாரும் தொடாத ஒன்று, ரேபிஸ். வெளியே போய்வரும் பூனை கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். கர்ப்பம் என்பதற்காக ரேபிஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது, கர்ப்பிணிகளுக்குப் போடலாம். ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்புப் பொருள் ஊசி) சேர்த்துப் போட வேண்டிவரும்.

உண்ணிக்காக நாய்க்கு விடும் சொட்டு மருந்தைப் பூனை முதுகில் விடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்ததாக இருந்தால் சில மணி நேரத்தில் பூனைக்கு வலிப்பு வந்துவிடும், உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அட்டைப்பெட்டியில் பூனைக்கு என்று எழுதியிருக்கிறதா, எத்தனை கிலோ எடைக்கு என்று படித்துப் பார்த்தே வாங்குங்கள்.