வீட்டுப் பட்டாசாலை (ஹால்) டைல்ஸ் டமார்னு தூக்கிருச்சு: திரும்ப என்ன போட்டா நிக்கும்?

பாளைக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வீடு பாளையங்கோட்டையில, கீழ்த்தளம். போன வாரம் மத்தியானம் பட்டாசாலையில டமார்னு சத்தம். சிலிண்டரோன்னு ஓடிப் போய்ப் பாத்தா நடுவுல ரெண்டு வரிசை டைல்ஸ் ஒண்ணோட ஒண்ணு முட்டி எந்திரிச்சு நிக்கி. 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைடு (கண்ணாடி கணக்கா இறுகச் சுட்ட டைல்), வீடு கட்டுனப்பவே போட்டது. மேல எதுவும் விழல, தண்ணிக் குழாயும் அந்தப் பக்கம் கிடையாது. காண்டிராக்டருக்குப் போன் பண்ணினா "சித்திரை வெயில்லா, அப்படித்தான் இருக்கும்"னு வச்சுட்டாரு.

பழசை உடைக்காம மேலயே புதுசு ஒட்டலாம்னு ஒரு கடையில சொல்லுதாங்க. கிரானைட்டுக்கு மாறச் சொல்லுதான் மச்சான். அப்பாவுக்கு ஆச்சி வீட்டு ரெட் ஆக்சைடு தரை மேல ஆசை. அம்மாவுக்கு முட்டுவலி, வழுக்கக் கூடாது. எது நாள்பட நிக்கும்?

தென்காசி சிவில்:
எதைப் போடணும்கிறதை அப்புறம் பாப்போம். ஏன் தூக்குச்சுன்னு தெரியாம புதுசு போட்டா அதுவும் தூக்கும். மூணு விஷயம் பாத்துச் சொல்லுங்க. பேந்த டைலோட முதுகுல சிமெண்ட் ஒட்டியிருக்கா, இல்ல சுத்தமா இருக்கா? டைலுக்கு டைல் இடைவெளி எவ்வளவு? ஸ்கர்ட்டிங்கை (சுவரடியில ஒட்டுற டைல் பட்டி) கழட்டினா சுவருக்கும் தரைக்கும் நடுவுல சந்து தெரியுதா? ஒரு ரூபாத் துட்டை வச்சு எல்லா ரூமையும் தட்டிப் பாருங்க. பொத்துன்னு (அடியில பிடிமானம் இல்லாம வெத்தா) கேக்குற இடத்துல சாக்பீஸால வட்டம் போடுங்க.

கோவில்பட்டி கரிசல்:
மண்ணையும் கேளுங்க சார். எங்க ஊர்ல கரிசல், மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். அடியில கிராவல் கொட்டி ஒழுங்கா திமுசு போடலைன்னா எந்தத் தரையும் உக்காந்துரும்.

பாளைக்காரன்:
எங்க மனை செம்மண்தான், எங்கயும் உக்காரல. டைல் முதுகு சுத்தமா இருக்கு, நடுவுல மட்டும் கை அகலத்துக்கு சிமெண்ட். வெள்ளையா ஒரு பொடி வேற கையில ஒட்டுது. இடைவெளி சுத்தமா இல்ல, பிளேடு கூட போகாது. சுவரோரம் சாந்து இறுக அடைச்சிருக்கு. பட்டாசாலை பாதிக்கு மேல பொத்து. பெட்ரூம், அடுக்களை ரெண்டும் கல்லுக் கணக்கா இருக்கு.

தென்காசி சிவில்:
அப்போ வெயில் மேல மட்டும் பழி போட முடியாது. கணக்குப் பாருங்க: 20 அடி பட்டாசாலையில தரைச் சூடு 15 டிகிரி கூடினா விட்ரிஃபைடு அரை மில்லிமீட்டர் சொச்சம் நீளும். அடியில உள்ள சிமெண்ட் வருஷக்கணக்கா கொஞ்சங் கொஞ்சமா சுருங்கிக்கிட்டு வரும். நீளுறதுக்கு ஓரத்துல இடம் இல்ல, நடுவுல சந்து இல்ல, பிடிமானமும் இல்ல. எந்திரிக்காம என்ன செய்யும்? விட்ரிஃபைடு அரை சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்காது. அதனால வெறும் சிமெண்ட் பால் அதைச் சரியாப் பிடிக்காது. அந்த வெள்ளைப் பொடி சூளையில ஒட்டாம இருக்கப் பூசுறது. அதைத் தேச்சு எடுக்காமலே ஒட்டியிருக்காங்க.

பழசுக்கு மேல ஒட்டுற பேச்சே வேண்டாம். அடியில உள்ளது பொத்து, மேல என்ன ஒட்டினாலும் சேந்துதான் பேரும். பட்டாசாலையை மட்டும் சாந்தோட கொத்தி எடுங்க, பழைய மட்டத்துலயே வந்துரும், கதவு வெட்ட வேண்டியதில்ல. கெட்டியா இருக்கிற ரூமைத் தொடாதீங்க. ரூம் வாசல் நடையில மட்டும் ஒரு கோடு அறுத்து சீலன்ட் (ரப்பர் மாதிரி வளைஞ்சு கொடுக்குற பசை) அடைச்சு விடுங்க.

மேலப்பாளையம் கொத்தனார்:
நானும் இந்த வேலைதான் பாக்கேன். வீட்டுக்காரங்க "சந்து தெரியக் கூடாது, ஒரே பாளமா இருக்கணும்"னு கேப்பாங்க, நாங்களும் டைலோட டைலை ஒட்ட வச்சுப் போட்டுட்டு வந்துருவோம். இனிமே கேக்காதீங்க. 2 மில்லி, 3 மில்லி ஸ்பேசர் (டைலுக்கு நடுவுல சந்து விட வைக்கிற பிளாஸ்டிக் துண்டு) வைக்கச் சொல்லுங்க. சிமெண்ட் பாலுக்குப் பதிலா அடிசிவ் (டைல் ஒட்டுற பசை) வாங்கிக் கொடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. அதையும் நாலு மூலையில உருண்டை வச்சு ஒட்டுத ஆளு இருக்கான். பல்லுக் கரண்டியால தரை பூரா இழுக்கணும், டைல் முதுகுலயும் ஒரு கை தடவணும். முதல் டைலை ஒட்டின உடனே ஒரு தடவை பேத்துப் பாருங்க, முதுகு பூரா பிடிச்சிருந்தா வேலையைத் தொடரச் சொல்லுங்க. ரெட் ஆக்சைடு நல்ல தரைதான். ஆனா இழைச்சு மெருகேத்தத் தெரிஞ்ச கை இப்போ கொஞ்சம்தான். வெடிச்சா ஒட்டுப் போட்டது தெரியும். அப்பாவுக்கு தார்சாவுல (முன் வராந்தா) போட்டுக் கொடுங்க.

வண்ணார்பேட்டை அக்கா:
மரம் மாதிரி இருக்குன்னு லேமினேட் பக்கம் போயிராதீங்க தம்பி. 2023 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி நின்னுச்சு. லேமினேட் போட்ட ரூம் ஊறி உப்பிப் போச்சு, டைல்ஸ் ரூமை சகதி கழுவினதோட சரி. வெள்ளம் வராட்டியும் நம்ம வீட்டுல வாளித் தண்ணி ஊத்திக் கழுவாம யாரு இருக்கா?

பாளைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அப்போ கிரானைட்டா, விட்ரிஃபைடா?

தென்காசி சிவில்:
கிரானைட் லேசுல தேயாது, கீழ்த்தளத்துக்கு எடையும் பிரச்சினை இல்ல. ஆனா பாலிஷ் போட்டது ஈரத்துல வழுக்கும், அம்மாவை நினைச்சா நான் போட மாட்டேன். விட்ரிஃபைடுலயே மேட் பினிஷ் (மினுங்காத மேல்பக்கம்) எடுங்க. அதுல ரெண்டு வகை. டபுள் சார்ஜ்னா மேல 3 மில்லி வரை நிறம் இறங்கியிருக்கும், நடந்து நடந்து தேஞ்சாலும் தெரியாது. ஜிவிடியில (மேல கிளேஸ் பூசின விட்ரிஃபைடு) டிசைன் நிறைய, ஆனா நிறம் மேல்தோல்ல மட்டும்தான். நாற்காலி இழுக்கிற பட்டாசாலைக்கு எனக்கு டபுள் சார்ஜ்தான் பிடிக்கும். அதுல மேட்ல டிசைன் கம்மியாத்தான் கிடைக்கும், பரவாயில்ல.

புதுச் சாந்துத் தளத்தை ஏழு நாள் நனைச்சு, பெறகு நல்லாக் காய விட்டுத்தான் அடிசிவ் பக்கம் போகணும். அவசரப்படுத்தினா உங்க காசுதான் போகும். சுவரோரம் 6 மில்லி சந்து விடுங்க, அதைச் சாந்து போட்டு அடைக்காதீங்க, ஸ்கர்ட்டிங் மறைச்சுரும்.

மேலப்பாளையம் கொத்தனார்:
பெட்டி எல்லாத்துலயும் ஷேடு நம்பர் ஒண்ணா இருக்கான்னு இறக்கும்போதே பாத்துக்கிடுங்க. அளவுக்கு மேல பத்துல ஒரு பங்கு வாங்குங்க. மிச்சத்தை மச்சுல போட்டு வைங்க, நாளைக்கு ஒண்ணு உடைஞ்சா அந்த நிறம் கடையில கிடைக்காது.