ஸ்டாலின்கிராடில் அணிந்த பேட்ஜ்: சோவியத் ராணுவ பேட்ஜில் நீங்கள் ஏமாந்த கதை என்ன?

திருகாணி:

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்களும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

மாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்மாய்லோவோ சந்தைக்குப் போவது பழக்கமாகிவிட்டது. மரப்பொம்மைக் கடைகளைத் தாண்டி உள்ளே போனால் சிவப்புத் துணி விரித்து, அதன்மேல் பேட்ஜ்களை வரிசையாகக் குத்தி வைத்திருப்பார்கள். அங்கே ஒரு பெரியவரிடம் 'க்வார்தியா' பேட்ஜ் வாங்கினேன். போரில் சிறந்து விளங்கிய படைப்பிரிவுகளுக்குக் கொடுத்த பட்டம் அது. முட்டை வடிவம். மேலே சிவப்புக் கொடியில் 'க்வார்தியா' என்ற எழுத்து, நடுவில் வெள்ளைப் பரப்பில் சிவப்பு நட்சத்திரம். "என் அப்பா ஸ்டாலின்கிராடில் இதைக் குத்திக்கொண்டுதான் சண்டை போட்டார்" என்றார். நட்சத்திரத்தின் வலது கீழ்க்கால் ஓரத்தில் எள்ளளவு ஒரு பள்ளம் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி ஒன்றும் சொல்லாமல் நிறுத்தினார். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. மாதச் சாப்பாட்டுக் காசில் பாதி போயிற்று.

ஹாஸ்டலுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டியபோதுதான் உறைத்தது. ஸ்டாலின்கிராட் சண்டை முடிந்தது 1943 பிப்ரவரி 2. இந்த பேட்ஜை உண்டாக்கிய ஆணை வந்ததே 1943 மே 21. படைப்பிரிவுகளுக்கு 'க்வார்தியா' பட்டம் 1941 செப்டம்பரிலேயே கிடைக்க ஆரம்பித்துவிட்டது, ஆனால் அந்தக் குளிர்காலத்தில் வோல்கா கரையில் இந்த பேட்ஜைக் குத்திக்கொள்ள யாராலும் முடிந்திருக்காது. சரி, அப்பாவுக்குப் பிறகு கொடுத்திருப்பார்கள், மகன் கதையைக் கொஞ்சம் இழுத்துவிட்டார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். காசு கொடுத்தவன் மனம் இப்படித்தான் வக்கீல் வேலை பார்க்கும்.

எங்கள் ஹாஸ்டலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் சின்ன வயதிலிருந்தே பேட்ஜ் சேர்ப்பவர். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. வாங்கியதும் கவிழ்த்தார். பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு லென்ஸை என் கையில் கொடுத்தார். "அம்மைத் தழும்பு தெரிகிறதா?" என்றார். தெரிந்தது. ஊசி முனையளவு குழிகள், அங்கங்கே. உலோகத்தை உருக்கி ஊற்றும்போது காற்று மாட்டிக்கொண்டால் இப்படி ஆகும். அசலை உருக்கி ஊற்றுவதில்லை. பித்தளையை எஃகு அச்சுக்கு நடுவில் வைத்து அழுத்தி அடிப்பார்கள். அடித்த உலோகம் வழவழவென்றும் எழுத்தின் ஓரங்கள் கத்திபோலவும் இருக்கும். என்னுடையதில் எழுத்துகள் நாலு நாள் வாயில் போட்டுச் சப்பிய மிட்டாய் மாதிரி மழுங்கியிருந்தன.

அடுத்து காலிப்பரை, அதாவது மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிற கருவியை, எடுத்தார். அசல் 46 மில்லிமீட்டர் உயரம், 34 அகலம். என்னுடையது 45க்கும் குறைவு. அசல் ஒன்றை மண்ணிலோ ரப்பரிலோ பதித்து அச்சு எடுத்து, அதில் உலோகத்தை ஊற்றினால், ஆறும்போது அது சுருங்கும். பிள்ளை அப்பனைவிடக் கொஞ்சம் குள்ளமாகத்தான் பிறக்கும். அந்த அரை மில்லிமீட்டரை, ஒரு மில்லிமீட்டரை எந்தப் போலிக்காரனாலும் சுலபத்தில் மறைக்க முடியாது.

கடைசியாக எனாமல். சிவப்பை முன்பல்லில் லேசாகத் தட்டிப் பார்க்கச் சொன்னார். தட்டினேன். மந்தமாக, பிளாஸ்டிக் பொத்தானைத் தட்டுவது போல இருந்தது. அப்புறம் அவருடைய சட்டைப்பையில் இருந்த அசலைக் கொடுத்தார். பல்லில் பட்டதும் ஜில்லென்று, டிக் என்று சத்தம். கண்ணாடி! போர்க்காலத்து பேட்ஜில் எனாமல் என்பது கண்ணாடிப் பொடி. அதைக் குழிக்குள் நிரப்பி 800 டிகிரி வாக்கில் சூளையில் உருக்குவார்கள். ஊசியால் கீறினாலும் கோடு விழாது. அடிபட்டால் சில்லாகப் பெயரும். என்னுடையதில் நிரப்பியிருந்தது நிறம் சேர்த்த ரெசின். ஊசி பட்டதும் குழிந்தது. பெரியவர் தொட்டுக் காட்டிய அந்த 'வீரத் தழும்பு'ம் அப்படி ஒரு குழிதான் என்று நினைத்தேன். அது வேறு விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது, கடைசியில் சொல்கிறேன்.

யாராவது ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்று: அடுத்தவர் பொருளில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். சந்தையில் செய்தால் உதை விழும்.

*

பழைய இரும்பு:

தம்பி, உங்கள் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு கும்பிடு. நான் ஏமாந்தது ஜார்ஜியாவின் திபிலிசியில், உலர்பாலம் என்று சொல்கிற அந்தப் பழம்பொருள் சந்தையில். எனக்கு எனாமல் சோதனை, காலிப்பர் எல்லாம் அப்போதே தெரியும். அந்தத் திமிர்தான் கவிழ்த்தது.

வாங்கியது 'வரஷீலவ் துப்பாக்கி வீரர்' பேட்ஜ். 1932 டிசம்பரில் தொடங்கியது; சோவியத் ராணுவத் தலைவர் கிளிமெந்த் வரஷீலவ் பெயரில், குறிபார்த்துச் சுடப் பழகிய சாதாரண மக்களுக்குக் கொடுத்தது. போருக்கு முந்தைய தலைமுறையில் பையன்களும் பெண்களும் அதைப் பெருமையாகக் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். சட்டையில் துளை போட்டு, பின்னால் வட்டத் தகடு வைத்துத் திருகுகிற வகை. நம் வீட்டில் பாட்டிமார்களின் வைரத்தோட்டுக்குத் திருகாணி இருக்குமே, அதேதான், கொஞ்சம் பெரிது.

அந்தத் திருகுத் தகட்டில் தயாரித்த இடத்தின் பெயர் பொறித்திருப்பார்கள். நான் பார்த்ததில் லெனின்கிராடின் 'லெனெமால்யெர்' பெயர் இருந்தது. தகடு அசல், நூற்றுக்கு நூறு. ஓரம் தேய்ந்து, துணியில் உரசி உரசி வழவழப்பாகி, எழுத்தின் குழியில் எண்பது வருஷத்து அழுக்கு. அதைப் பார்த்ததும் மற்றதை நான் சரியாகப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து திருகிப் பார்த்தால் தகடு இரண்டு சுற்றோடு சிக்கிக்கொள்கிறது. மரை பொருந்தவில்லை. திருகுத் தண்டு புதிது, பேட்ஜ் புதிது, தகடு மட்டும் பழையது. உடைந்த பேட்ஜ்களிலிருந்து நல்ல தகடுகளைக் கழற்றி இப்படிப் போலிக்குப் 'பெண் கொடுப்பார்கள்' என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன்.

அதிலிருந்து நான் தகட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுத்தான் பேட்ஜைப் பார்ப்பது. தண்டின் அடியில் பற்றுவைத்த இடம், அதைச் சுற்றியுள்ள நிறம், தகடு அழுந்தி அழுந்தி உண்டான வட்டத் தடம். பத்து வருஷம் ஒருவன் குத்திக்கொண்டிருந்தால் அந்தத் தடம் இல்லாமல் போகாது.

*

கூர்ஸ்க் டாக்டர்:

நான் நேரில் வாங்கவே இல்லை, ஏலத் தளத்தில். 'என்கேவேதே மதிப்புமிகு பணியாளர்' பேட்ஜ், 1940இல் உண்டாக்கியது, பின்னால் எண் போட்டது. ரகசியப் போலீஸ் பேட்ஜ் என்றால் வாங்க ஆள் நிறைய, ஆகவே போலியும் நிறைய. எனக்கும் அந்தப் பெயர் மேல் ஒரு மயக்கம் இருந்தது, மறைக்கவில்லை.

படங்கள் அருமையாக இருந்தன. கடைசி நிமிடம் வரை விலை ஏற்றிக்கொண்டே போனேன். வேறொருவர் தட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று வாரம் கழித்து வேறு நாட்டிலிருந்து வேறு விற்பனையாளர் அதே வகை பேட்ஜைப் போட்டார். கடவுள் மறுவாய்ப்பு கொடுத்தார் என்று பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாளின் கைப்பிடிக்குக் கீழே ஒரு சிராய்ப்பு, இரண்டிலும். விளிம்பில் ஒரு நசுங்கல், இரண்டிலும், அதே இடத்தில். எண்ணைப் பார்த்தேன். அதே எண்!

அசல் ஒன்று எங்கோ இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் வாழ்க்கையில் அது கீழே விழுந்து விளிம்பு நசுங்கியிருக்கிறது. அதிலிருந்து அச்சு எடுத்தவன் நசுங்கலையும் எண்ணையும் சேர்த்தே படியெடுத்துவிட்டான். ஒவ்வொரு பிரதியும் அந்த மனிதரின் கைதவறலைச் சுமந்துகொண்டு திரிகிறது. எண்ணின் குழிகளைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதுவும் ஒத்துவந்தது: தனியாகப் பொறித்த எண்ணுக்குக் குழியின் ஓரம் கூராக நிற்கும், இதில் எல்லாம் உருண்டு கிடந்தது.

அதற்குப் பிறகு நான் வாங்குவதற்கு முன் செய்கிற முதல் வேலை, அதே வகையில் இதுவரை விற்ற படங்களை எல்லாம் தேடிச் சேர்ப்பது. பேட்ஜைவிடப் படங்கள்தான் என்னிடம் அதிகம் இருக்கின்றன இப்போது.

இன்னொன்று, ரஷ்யாவில் படிக்கும் பிள்ளைகளுக்காக. சோவியத் ஆர்டர்கள், மெடல்கள் போன்ற அரசு விருதுகளை வாங்குவதும் விற்பதும் அங்கே குற்றம், குற்றவியல் சட்டம் 324ஆம் பிரிவு. செந்நட்சத்திர ஆர்டரை யாராவது மலிவாக நீட்டினால், அது போலியாக இருந்தால் காசு போகும், அசலாக இருந்தால் அதைவிடப் பெரிய தொல்லை.

*

பெர்லின் குளிர்:

என்னுடையது நாலு வரிதான். சுவர் இருந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தொப்பி விற்கிற மேசை. 'கேகேபே 1943' (நாம் கேஜிபி என்கிற சோவியத் உளவுத்துறை) என்று ஒரு பேட்ஜ், வாளும் கேடயமும் போட்டது. வாங்கிக்கொண்டு வந்து நண்பர்களுக்குக் காட்டிய பிறகு ஒருவர் மெதுவாகக் கேட்டார், "கேகேபே 1954 மார்ச்சில்தானே உருவானது?" அசலே இல்லாத போலி! இப்படிக் கற்பனையில் பிறந்த பேட்ஜ்கள் ஆப்கானிஸ்தான் பெயரிலும் சிறப்புப் படைகள் பெயரிலும் எத்தனையோ இருக்கின்றனவாம்.

*

பழைய இரும்பு:

பெர்லின் தம்பி, ஒரு எச்சரிக்கை. தேதி முந்தியதாக இருந்தாலே போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 'செகா-கேகேபே 50 ஆண்டு, 1917–1967' என்று ஆண்டுவிழா பேட்ஜ் அசலாகவே உண்டு. செகா என்பது கேகேபேயின் முன்னோடி, 1917இல் தொடங்கியது. தேதி எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

*

சமையல்காரன்:

எல்லோரும் போலியை வாங்கியதைச் சொல்கிறீர்கள். நான் அசலை விட்டவன்.

எனக்குப் பிடித்தது 1942, 43இல் வந்த 'மிகச் சிறந்த' வரிசை. 1942 மே 21 ஆணையில் மிகச் சிறந்த இயந்திரத் துப்பாக்கி வீரர், மிகச் சிறந்த டாங்கி வீரர் என்று தொடங்கி, அடுத்த வருஷம் ஜூலையில் 'மிகச் சிறந்த சமையல்காரர்', 'மிகச் சிறந்த ரொட்டி சுடுபவர்' வரை போனது. குண்டு விழுகிற இடத்துக்குக் கஞ்சியைச் சூடு ஆறாமல் கொண்டுபோனவனுக்கும் மார்பில் ஒரு பேட்ஜ். உலகத்தில் வேறெந்த ராணுவ பேட்ஜும் எனக்கு இவ்வளவு இஷ்டமில்லை.

லாட்வியாவின் ரீகாவில் ஒரு பழம்பொருள் கடையில் அந்தச் சமையல்காரர் பேட்ஜைப் பார்த்தேன். கவிழ்த்தேன். திருகுத் தண்டைச் சுற்றி சாம்பல் நிறத்தில் ஈயம் மொத்தையாக அப்பியிருந்தது. தண்டும் கோணல். தயாரித்த இடத்தில் இப்படி அப்ப மாட்டார்களே! முன்னால் எனாமலும் ஒரு பக்கம் கருஞ்சிவப்பு, மறு பக்கம் வெளிறல். எனக்குத் தெரிந்த எல்லாப் பாடங்களையும் மனத்துக்குள் ஒப்பித்துவிட்டு, கடைக்காரரைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டு வெளியே வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

என்னோடு வந்த நண்பர் அரைமணி நேரம் கழித்துத் தனியே போய் வாங்கிவிட்டார். ராத்திரி தங்கிய அறையில் லென்ஸைக் கொடுத்தார். ஈயம் பிற்பாடு வைத்தது. தண்டு உடைந்திருக்கிறது, யாரோ அகப்பட்டதை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஈயத்துக்கு வெளியே பித்தளையில் பழைய தகட்டின் வட்டத் தடம் கிடந்தது, புதிய தண்டுக்கு அது நடுவிலும் இல்லை. எனாமல் கண்ணாடிதான், சூளைச் சூடு ஒரே சீராக இல்லாததால் நிறம் மாறியிருக்கிறது. விளிம்பில் அச்சு வெட்டிய கோடுகள் நேராக நின்றன. போர் நடந்துகொண்டிருக்கும்போது செய்த பொருள் கண்காட்சிப் பொருள் மாதிரி இருக்க வேண்டும் என்று நான்தான் எதிர்பார்த்திருக்கிறேன்.

அவர் எனக்கு விற்க மாட்டார். வருஷா வருஷம் கேட்கிறேன்.

*

கூர்ஸ்க் டாக்டர்:

சமையல்காரரே, அதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. ரஷ்யச் சேகரிப்பாளர்கள் 'நோவொதெல்' என்பார்கள், புதிதாகச் செய்தது. அதில் மிக மோசமான வகை, 1991க்குப் பிறகு தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறிய பழைய அச்சுகளிலேயே அடித்தது. அளவு சரி, எழுத்து சரி, குழி இல்லை, எனாமலும் சில சமயம் கண்ணாடியே. அங்கே நம் காலிப்பர் வாயை மூடிக்கொள்ளும். தேய்மானத்தை மட்டும்தான் பார்க்க முடியும். நிஜமாக அணிந்ததில் மேடு தேய்ந்திருக்கும், பள்ளத்தில் முலாம் மிச்சம் இருக்கும், பேட்ஜும் தகடும் சந்திக்கிற இடுக்கில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அமிலத்தில் முக்கிப் பழசாக்கினால் மேடு பள்ளம் எல்லாம் ஒரே மாதிரி கறுத்துவிடும். அதைத் துணியால் துடைத்து மேட்டை மட்டும் பளபளப்பாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கேதான் நானும் இன்னும் திணறுகிறேன்.

*

திருகாணி:

டாக்டர் அந்த நசுங்கலைப் பற்றிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் என் கதையில் பாக்கி வைத்தது அதுதான்.

எலக்ட்ரீஷியன் உண்மையைச் சொன்ன அடுத்த ஞாயிறு, சண்டை போடுவதென்று முடிவு செய்து இஸ்மாய்லோவோ போனேன். பெரியவர் அதே இடத்தில், அதே சிவப்புத் துணியோடு. முன்னால் ஒரு வெளிநாட்டுத் தம்பதி நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கையில் ஒரு க்வார்தியா பேட்ஜ். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். நட்சத்திரத்தின் வலது கீழ்க்கால், ஓரத்தில், எள்ளளவு பள்ளம். பெரியவர் விரலால் அதைத் தொட்டுக் காட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் சொன்னார், "என் மாமா. கூர்ஸ்க் சண்டை."

அந்தத் தேதி சரியாக இருந்தது. 1943 ஜூலை.