ஜிம்னாஸ்டிக்ஸ் பீமில் பின்பக்கம் போகத் தயங்கும் பிள்ளை: தள்ளுவதா, இறக்குவதா?

நேர்கோடு:
தரையில் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்னால் பாய்ந்து, கையூன்றிப் புரண்டு, காலில் இறங்குவது) சுத்தமாகப் போடும் பிள்ளை, பீம் என்ற ஒடுங்கிய உயரமான கட்டையில் ஏறியதும் கையைத் தூக்கி, முழங்காலை மடக்கி, அப்படியே உறைந்து நிற்கிறாள். கோச் பக்கத்தில் நின்று, "மூன்று எண்ணுவேன், போயாகணும்" என்று கறாராகச் சொல்ல வேண்டும். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் பெருகும்.

மெத்தைக்காரன்:
கடைசி வரி நூற்றுக்கு நூறு சரி. எண்ணிய பிறகும் அவள் போகாவிட்டால்? பத்து முறை நின்றால், நிற்பதற்குத்தான் பத்து முறை பயிற்சி. அரைமனதோடு போவது இன்னும் ஆபத்து: கால் உந்தாது, தலையைத் திருப்பிப் பீமைத் தேடுவாள், இடுப்பு கோணும், 10 செ.மீ. அகலத்தில் ஒரு கை வெளியே போய்விடும்.

தரையில் போட்ட கோடு, தரை பீம், தாழ்வான பீம், அதன்பின் 125 செ.மீ. பீம். அங்கே முதலில் இருபுறமும் பீம் மட்டத்துக்கு மெத்தை அடுக்கி, பிறகு ஒவ்வொன்றாக உருவுங்கள். தயங்காமல் தொடர்ந்து 5 வந்தால்தான் அடுத்த படி. 2 முறை நின்றால் ஒரு படி கீழே; அங்கே நல்லதாக ஒன்று போட வைத்து அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

நேர்கோடு:
இத்தனை மெத்தை எதற்கு சார், ஸ்பாட்டிங் (கோச் கையால் தாங்கிக்கொள்வது) போதாதா?

மெத்தைக்காரன்:
அதையும் படிப்படியாக விடுவிக்க வேண்டுமே. இடுப்புக்குப் பின்னால் ஒரு கை, தொடைக்குப் பின்னால் ஒரு கை. பிறகு ஒரே கை. பிறகு விரல் படுகிற அளவு. பிறகு ஓரடி தள்ளி நிற்பது. ஒவ்வொன்றையும் முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். "பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்கவே கூடாது! அந்த நம்பிக்கை போனால் அடுத்த கோச்சையும் நம்பமாட்டாள்.

சுழல்:
பயத்தையும் திசை தப்புவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவும் வால்ட்டில், அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் இரண்டரை முறுக்குக்கு (காற்றில் உடம்பைத் திருகிச் சுற்றுவது) கிளம்பி ஒன்றரையில் இறங்கினார். காற்றில் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே அறுந்துபோகும் நிலை அது. அங்கே எண்ணித் தள்ளினால் கழுத்துக்கே ஆபத்து. முறுக்கை முழுசாக நிறுத்துங்கள். டிராம்போலினில் நேர்குதி, கால்பங்கு முறுக்கு, அரை முறுக்கு என்று திரும்ப ஏறுங்கள். சாகசமெல்லாம் ஃபோம் குழியில் மட்டும். பைல்ஸே முறுக்கில்லாத டிஸ்மவுன்ட் (பீமிலிருந்து குதித்திறங்கும் முடிவு) வைத்துத்தான் டோக்கியோவில் பீமில் வெண்கலம் வாங்கினார். பிள்ளை மளமளவென்று உயர்ந்திருக்கிறாளா என்றும் பாருங்கள். உடம்பு நீண்டால் பழைய டைமிங் பொருந்தாது.

நேர்கோடு:
முறுக்கு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். பேக் ஹேண்ட்ஸ்பிரிங்குக்கு எண்ணுவதை விடமாட்டேன். வேண்டுமானால் அவளே எண்ணட்டும்.

மெத்தைக்காரன்:
அவள் எண்ணினால் எனக்குச் சம்மதம். நின்றுவிட்டால் கீழே இறங்கி, மறுபடி ஏறி வரட்டும். அங்கேயே நின்று இரண்டாம் தடவை எண்ண விடாதீர்கள்.