கூகுள், பேஸ்புக் கணக்கால் உள்நுழைவு: எங்கட பக்கத்து அனுபவங்கள்

கல்லடியான்:
மட்டக்களப்பில் ஒரு கல்வி நிலையத்துக்கு வேலை செய்தோம். பிள்ளைகள் பாடக்குறிப்புக்கு மூடில் தளத்துக்கும், புள்ளி பார்க்க வேறொரு தளத்துக்கும் போக வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி பாஸ்வேர்ட். தவணை தொடங்கினால் மறந்துபோனவர்கள் அலுவலகத்தில் வரிசையில் நிற்பார்கள். அதனால் நடுவில் கீகிளோக் என்ற, பல தளங்களின் உள்நுழைவை ஒரே இடத்தில் கவனிக்கும் மென்பொருளை வைத்து, கூகுள் அல்லது பேஸ்புக் கணக்கால் ஒருமுறை நுழைந்தால் இரண்டும் திறக்கும்படி செய்தோம்.

இணைக்கிற வேலை லேசு. கூகுளிடம் செயலியைப் பதிந்து, கிளையண்ட் ஐடியும் (செயலியின் அடையாள எண்) ரகசியச் சாவியும் வாங்கி, கூகுளில் நுழைந்த பிறகு ஆள் திரும்பி வரவேண்டிய முகவரியைக் கொடுத்தால் சரி. அந்த முகவரி எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் ‘ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்’ என்று 400 பிழை வரும்.

பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். படுவான்கரையில் இருந்து வந்த ஒரு அம்மாவிடம் ஜிமெயில் கேட்டேன். “அது போன் வாங்கின கடைத் தம்பி போட்டுத் தந்தது மனே, எனக்கு ஒண்டும் தெரியா” என்றார். போன் பழுதானால் அந்தக் கணக்கும் போச்சு. இப்படி எத்தனையோ வீடுகள். இன்னொரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே போன். அதில் அண்ணனின் கூகுள் கணக்கு திறந்தே கிடக்கிறது. தங்கச்சி பொத்தானை அமத்தினால் எந்தக் கேள்வியும் இல்லாமல் அண்ணனின் புள்ளிப் பக்கம் வந்து நிற்கும். எங்கள் தளத்தில் லொக்அவுட் செய்தாலும் கூகுளில் இருந்து வெளியேறினதாக ஆகாது. கூகுளுக்கு அனுப்பும் கோரிக்கையில் ‘பிராம்ப்ட்’ என்ற இடத்தில் ‘செலக்ட் அக்கவுண்ட்’ என்று கொடுத்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் யார் நீங்கள் என்று கேட்கத் தொடங்கியது. குடும்பத்துக்கு ஒரு போன் இருக்கிற ஊரில் இதைக் கட்டாயம் போடுங்கள்.

மின்னஞ்சலை ஆளின் அடையாளமாக வைக்கவே வேண்டாம். போன் நம்பரால் திறந்த பேஸ்புக் கணக்கில் மின்னஞ்சலே வராது. கூகுளில் ‘சப்’ என்று வரும் எண் மாறாது, அதைத்தான் சேமிக்க வேண்டும். பேஸ்புக் தரும் ஐடி செயலிக்குச் செயலி வேறுபடும் என்பதால் தளங்கள் எல்லாம் பேஸ்புக்கில் பதிந்த ஒரே செயலியின் வழியாகப் போவதுதான் நல்லது.

சாய்ந்தமருது நிரலர்:
இரத்ததானப் பதிவுக்கு ஒரு தளம் செய்தோம். லிங்கை பேஸ்புக்கில்தான் போட்டோம். ஆட்கள் தொட்டதும் அது பேஸ்புக் செயலிக்குள்ளேயே திறக்கும். அங்கே கூகுள் பொத்தானை அமத்தினால் 403, ‘டிஸ்அலவ்ட் யூசர்ஏஜென்ட்’. செயலிக்குள் பொதிந்த பிரவுசரில் பாஸ்வேர்டைத் திருட வழி இருப்பதால் கூகுள் அதற்குள் உள்நுழைய விடுவதில்லை. நியாயமான காரணம்தான். ஆனால் இரத்தம் கொடுக்க மனசோடு வந்த ஒரு நானா அந்த ஆங்கிலப் பிழையைப் பார்த்துவிட்டு, தன்னைத் தளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துப் போய்விட்டார். கேட்டபோது எனக்குக் கவலையாகிவிட்டது. இப்போது அந்த வகைப் பிரவுசரைக் கண்டால், “மேலே மூன்று புள்ளியைத் தொட்டு குரோமில் திறவுங்கள்” என்று தமிழில் காட்டுகிறோம். பெரிய வேலையே இல்லை, பலன் பெரிது.

வாழைச்சேனைத் தம்பி:
நான் வேலை செய்த இடத்தில் பேஸ்புக் பொத்தான் மட்டும்தான் இருந்தது. 2022 ஏப்ரல் 3 நாட்டில் சமூக வலைத்தளங்களை முடக்கினார்களே, அன்று முடக்கத்தைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் வைத்திருந்தவர்களைத் தவிர யாரும் உள்ளே வர முடியவில்லை. எங்கள் சேர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஆளின் பிரவுசர் நேரே பேஸ்புக்குக்குப் போய்த்தானே திரும்பி வரவேண்டும், அந்த வழி அடைத்துக் கிடந்தது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் இப்படி முடக்கம் வந்தது. முடக்கம் இல்லாமலே 2021 ஒக்டோபர் 4 பேஸ்புக் உலகம் முழுக்க ஆறு மணித்தியாலம் அளவில் விழுந்து கிடந்தது. எங்கட நாட்டில் ஒற்றைப் பொத்தானை நம்பித் தளம் செய்யக்கூடாது. மின்னஞ்சலுக்கு ஒருமுறைக் குறியீடு அனுப்பும் வழியும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். கூகுளால் வந்தவர் பிறகு பேஸ்புக்கால் வந்தால், ஒரே மின்னஞ்சல் என்றால் தானாக ஒன்றாக்கலாமா?

கல்லடியான்:
தானாக வேண்டாம் தம்பி. அந்த மின்னஞ்சல் தன்னுடையது என்று ஆள் உறுதிசெய்திருக்காவிட்டால், உங்கள் முகவரியைப் போட்டு ஒரு கணக்குத் திறந்தவன் உங்கள் பக்கத்துக்குள் நுழைந்துவிடுவான். கூகுள் ‘ஈமெயில் வெரிஃபைட்’ என்று தனியாகச் சொல்லும், அதைப் பாருங்கள். அது சரியாக இருந்தாலும், பழைய வழியால் ஒருமுறை நுழையச் சொல்லிவிட்டுத்தான் நாங்கள் இணைக்கிறோம். மின்னஞ்சலே இல்லாத பிள்ளை என்றால் அனுமதி இலக்கத்தோடு அலுவலகத்துக்கு வரவேண்டும். ஆளை நேரில் பார்த்து இணைத்துவிடுவோம்.