ரோட்டில் விரித்த கதிர்

சீனாவைப் பற்றிய புத்தகம் என்றாலே ஏற்றுமதி, கட்சி, வளர்ச்சி விகிதம் என்று ஓடும். பாதியிலேயே மூடிவிடுவேன். பீட்டர் ஹெஸ்லரின் ‘கன்ட்ரி டிரைவிங்’ (2010) அப்படி மூட விடவில்லை. ‘நியூயார்க்கர்’ பத்திரிகைக்கு பெய்ஜிங்கிலிருந்து எழுதிய அமெரிக்க நிருபர் அவர். சீனாவிலேயே லைசென்ஸ் எடுத்து, வாடகைக் காரில் பெருஞ்சுவரை ஒட்டியே மேற்கே போகிறார்.

தொடக்கத்திலேயே ஒரு காட்சி. அறுத்த கதிரை விவசாயிகள் தார் ரோட்டில் பரப்பிவிடுகிறார்கள். வண்டி ஏறினால் தானியம் உதிர்ந்துவிடும். சட்டப்படி தப்புதான், யார் கேட்கிறார்கள்! சாப்பாட்டின் மேல் எப்படிக் காரை ஏற்றுவது என்று முதல் நாள் ஒவ்வொரு குவியலுக்கும் நிறுத்தி, போகலாமா என்று கேட்கிறார் மனிதர். போ, போ என்று அவர்கள் விரட்டுகிறார்கள்.

எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். தை மாதம் அம்மா உளுந்தஞ்செடியை ரோட்டில் விரித்துவிட்டு என்னைப் புளியமரத்தடியில் காவலுக்கு வைப்பாள். டவுன் பஸ் ஏறினால் நெற்று படபடவென்று வெடிக்கும். லாரி வந்தால் இன்னும் கொண்டாட்டம். பைக்கில் வருகிறவர்கள் சறுக்கிவிட்டுத் திட்டுவார்கள். அம்மாவுக்கு அது மட்டும் காதில் விழாது. சாயங்காலம் சொளகில் புடைத்தால் உளுந்தோடு சரளைக்கல்லும் நிற்கும்.

லைசென்ஸ் தேர்வுக் கேள்வி ஒன்றையும் எடுத்துப் போட்டிருக்கிறார். இன்னொரு வண்டிக்காரர் வழி கேட்டால் என்ன செய்வாய்? தேர்ந்தெடுக்க மூன்று விடைகள்: சொல்ல மாட்டேன், பொறுமையாகச் சரியாகச் சொல்வேன், தப்பான வழியைக் காட்டுவேன். மூன்றாவதை யோசித்து எழுதிய அதிகாரியை நேரில் பார்க்க வேண்டும் போலிருந்தது.

நடுவில் பெய்ஜிங்குக்கு வடக்கே ஒரு மலைக் கிராமத்து வாழ்க்கை வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. செஜியாங் மாகாணத்து லிஷுய் நகரில் பிரா பட்டைக்கான குட்டி வளையம் செய்ய ஒரு ஃபேக்டரி முளைக்கிறது. காலிக் கட்டடத்துக்குள் முதலாளிகள் நின்றபடியே எங்கே சுவர், எங்கே மெஷின் என்று முடிவு செய்கிறார்கள். மொத்தப் பிளானுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, சீனாவிலும் ரோட்டில்தான் கதிர் அடிக்கிறார்களாம் என்றேன்.

“அங்க லாரி நிறைய போகுமாய்யா?” என்று கேட்டாள்.