புதுப்பிப்பு: ‘டக்’ என்று நின்றுபோன கார் கிளம்பிவிட்டது

போன வாரம் எழுதியதன் சுருக்கம்: பத்து வருடப் பழைய பெட்ரோல் கார். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட் பளிச்சென்று எரியும். தள்ளிவிட்டால் ஸ்டார்ட் ஆகும். பேட்டரி போயிருக்கும் என்று பலரும் சொன்னீர்கள். நானும் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். அதே ‘டக்’.

மெக்கானிக், எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றணும் என்றார். அந்தச் செலவுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட். சரி. மைத்துனரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அப்போதும் 12க்குக் கீழே இறங்கவில்லை. ஸ்டார்ட்டர் சுற்ற முயன்றால் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், வோல்ட் இறங்கியே ஆக வேண்டும். ஆக, கரண்ட் அங்கே போய்ச் சேரவே இல்லை.

அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் (எஞ்சினின் உலோக உடல்) வைத்துத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடத்தில் 7 வோல்ட்! ஸ்டார்ட்டருக்குப் போன கரண்ட் எஞ்சின் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும்; அந்தப் பாதையில், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயர்தான் திருடன். மேலுக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பூத்துக் கிடக்கிறது. ஜம்பர் கேபிளால் நெகட்டிவையும் பிளாக்கையும் நேரடியாக இணைத்ததும் முதல் திருப்பிலேயே கிளம்பியது.

உப்புத்தாளால் தேய்த்து, புது வயர் போட்டாயிற்று. செலவு 350 ரூபாய். பேட்டரிக்குக் கொடுத்த காசு தண்டம்தான். “முதலில் எர்த்தைப் பாருங்க” என்று ஒருவர் எழுதியிருந்தார்; படித்துவிட்டுத் தாண்டிப் போனேன். மன்னிக்கணும் அண்ணே.