ஐகான் ஆஃப் த சீஸ்: நாலு பேருக்கு எந்த கேபின் எடுக்கலாம்?

தென்றல்_டல்லஸ்:
டிசம்பர்ல மியாமியிலிருந்து ராயல் கரீபியனோட ஐகான் ஆஃப் த சீஸ் உல்லாசக் கப்பல், 7 இரவு. நான், கணவர், 9 வயசுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கிற மாமியார் (68 வயசு, முழங்கால் வலி, முட்டைகூட தொடாத சைவம்). நாலு பேருக்கும் இதுதான் முதல் கப்பல். புக்கிங் பக்கத்துல இன்டீரியர், பால்கனி, இன்ஃபினிட் பால்கனி, சென்ட்ரல் பார்க் வியூன்னு அடுக்கியிருக்காங்க, தலை சுத்துது. ஒரே கேபின்ல நாலு பேர் தாங்குமா? எந்தத் தளம் நல்லது? ரூம்ல கெட்டில், அயர்ன் பாக்ஸ், பாத்ரூம்ல ஹெல்த் ஃபாசெட் எல்லாம் இருக்குமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நங்கூரம்:
முதல்ல அளவு. சாதாரண பால்கனி கேபின் உள்ளே சுமார் 200 சதுர அடி, பால்கனி தனியா 50. ஜன்னல் இல்லாத இன்டீரியர் 150-ஐ ஒட்டி வரும். நாலு பேர் கேபின்னு விக்கிறதுல ரெண்டு பேருக்குக் கட்டில், மத்தவங்களுக்குப் பிரிச்சுப் போடுற சோபாவும் மேலிருந்து இறக்குற படுக்கையும். ராத்திரி எல்லாத்தையும் விரிச்சிட்டா நடக்க இடமே இருக்காது. அந்த மேல் படுக்கைக்கு ஏணி ஏறணும். உங்க மாமியாரால முடியாது. நாலு பேருக்கும் சேர்த்து இருக்கிறது ஒரே பாத்ரூம். அதனால ரெண்டு கேபின்னு வெச்சு விலை பாருங்க. ஒரு பால்கனி, அதுக்கு நேர் எதிர்லயோ பக்கத்துலயோ ஒரு இன்டீரியர். பல வாரங்கள்ல நாலு பேர் பால்கனிக்கும் இதுக்கும் வித்தியாசம் பெருசா இருக்காது.

ரெண்டு கேபின் எடுத்தா ஒவ்வொண்ணுலயும் பெரியவங்க ஒருத்தர் பேர் இருக்கணும்னு விதி. புக்கிங்ல எப்படிப் பிரிச்சாலும், ஏறின பிறகு கெஸ்ட் சர்வீசஸ்ல சொன்னா ரெண்டு கேபினுக்கும் திறக்குற மாதிரி கார்டு போட்டுத் தருவாங்க.

அடுத்தது இடம். இந்தக் கப்பல் 365 மீட்டர் நீளம், 20 தளம், முழுசா நிரம்பினா 7,600 பயணிகள். இதுல "எந்தத் தளம் நல்லது"ன்னு கேக்கிறதைவிட "மேலயும் கீழயும் என்ன இருக்கு"ன்னு கேக்கணும். டெக் பிளானைத் (ஒவ்வொரு தளத்தோட வரைபடம்) திறந்து நீங்க பாக்குற கேபின் எண்ணுக்கு நேர் மேல் தளம், நேர் கீழ்த் தளம் ரெண்டையும் பாருங்க. ரெண்டுமே கேபின்னா நிம்மதி. மேலே நீச்சல் குளத் தளமோ சாப்பாட்டுக் கூடமோ இருந்தா விடிகாலையில நாற்காலி இழுக்கிற சத்தம் கேக்கும். கீழே பாரோ அரங்கமோ இருந்தா நடுராத்திரி வரைக்கும் பாட்டுச் சத்தம் அதிரும். பிளான்ல எதுவும் எழுதாம வெறுமையா விட்டிருக்கிற கட்டங்கள் பணியாளர் பகுதி, சமையல் பகுதியா இருக்கலாம். வண்டி உருளுற சத்தம் வரும். ரெண்டு கேபினுக்கு நடுவுல இணைப்புக் கதவு இருந்தா பக்கத்து ரூம் பேச்சு அப்படியே காதுல விழும். உங்க ரெண்டு ரூமுக்கும் நடுவுல இருந்தா வசதி, வேற குடும்பத்தோட இருந்தா தொல்லை.

ஆட்டம் பத்தி ரொம்பக் கவலை வேண்டாம். பக்கவாட்டு ஆட்டத்தைக் கப்பலோட ரெண்டு பக்கமும் இருக்கிற ஸ்டெபிலைசர் துடுப்புகள் நல்லாவே அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குறதை அதால தடுக்க முடியாது. அது முனைகள்ல, அதுவும் உயரத் தளங்கள்ல அதிகம் தெரியும். நடுப்பகுதி, கொஞ்சம் கீழ்த் தளம்னா வயித்தைப் புரட்டாது. முன்பக்கக் கீழ்த் தள கேபின்களுக்கு இன்னொரு குறை: துறைமுகத்துல கப்பலைக் கரையோட ஒட்டி நிறுத்தும்போது பௌ திரஸ்டர் (முன்முனையைப் பக்கவாட்டுல தள்ளுற விசிறி) ஓடும், விடியற்காலையில கட்டிலே அதிரும்.

கேரண்டி கேபின்னு மலிவா ஒண்ணு காட்டும். எந்த கேபின்னு கம்பெனிதான் முடிவு பண்ணும். முழங்கால் வலிக்காரங்க கூட வர்றப்போ அது வேண்டாம். லிஃப்ட்லேருந்து ஏழெட்டு கதவு தள்ளி ஒரு கேபினாப் பாத்துப் பிடிங்க. ரொம்ப ஒட்டி இருந்தாலும் அங்க கூடுற கூட்டத்தோட சத்தம் வரும். நடைபாதை அவ்வளவு நீளம், கடைக்கோடி கேபின் கிடைச்சா சாப்பிடப் போய்வர்றதே அவங்களுக்கு ஒரு வேலையாயிடும்.

நீலத்திரை:
நங்கூரம் சொன்னதுல ஒண்ணு சேக்கணும். சென்ட்ரல் பார்க் (கப்பல் நடுவுல இருக்கிற தோட்டம்) வியூ, சர்ஃப்சைடு வியூ எல்லாம் கப்பலோட உள்பக்கத்தைப் பாத்தது. செடி கொடி அழகுதான், ஆனா எதிர் வரிசை கேபின்காரங்க உங்களை நேராப் பாப்பாங்க. திரையை மூடியே வெக்கணும்னா பால்கனிக் காசு எதுக்கு? சர்ஃப்சைடு சின்னப் பிள்ளைங்க பகுதி, பகல் முழுக்கக் கூச்சல் இருக்கும். முதல் தடவை போறவங்க கடலைப் பாத்த பால்கனியே எடுங்க.

இன்ஃபினிட் பால்கனின்னா வெளியே தனி மாடமே கிடையாது. சுவர் முழுக்க ஜன்னல். பட்டனை அழுத்தினா மேல்பாதி கண்ணாடி கீழே இறங்கும். ரூம் அகலமாத் தெரியும். ஆனா அதைத் திறந்தா ஏசி நின்னுடும், ஒருத்தர் காத்து வாங்க நினைச்சா தூங்குறவங்களும் கரீபியன் புழுக்கத்தை அனுபவிக்கணும். நாலு பேர் குடும்பத்துக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

சாதாரண பால்கனியிலும் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு ரூம் வாசல் கதவைத் திறக்காதீங்க. காத்து குழாய்க்குள்ள போற மாதிரி இழுத்து வாசல் கதவைப் படார்னு அறையும், விரல் போயிடும். பையன்கிட்ட முதல் நாளே சொல்லி வைங்க. பால்கனிக் கம்பியில துணி காயப் போடவும் கூடாது.

தென்றல்_டல்லஸ்:
ரொம்ப நன்றி, ரெண்டு கேபின்னு முடிவு பண்ணிட்டோம். பாத்ரூம், சாப்பாடு பத்தியும் யாராவது சொல்லுங்களேன். மாமியாருக்கு அதுதான் பெரிய கவலை.

கலங்கரை:
பாத்ரூம்: ஹெல்த் ஃபாசெட் கிடையாது. பிளாஸ்டிக் மக்கோ, அமுக்கினா பீய்ச்சுற பயண பாட்டிலோ கொண்டு போங்க. தண்ணியை டாய்லெட்டுக்கு மேலேயே பயன்படுத்துங்க, தரை நனைஞ்சா வழுக்கும். டாய்லெட் வேக்குவம் முறை: மூடியை மூடிட்டு அழுத்தணும், உறிஞ்சுற சத்தம் பலமா இருக்கும், மாமியார்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. டாய்லெட் பேப்பர் தவிர வேற எதையும், குறிப்பா வெட் வைப்ஸை, உள்ளே போடக் கூடாது. பல கேபின்களுக்கு ஒரே குழாய். ஒண்ணு அடைச்சா பக்கத்து ரூம்களும் சேர்ந்து நிக்கும். பாத்ரூம் வாசல்ல சின்னப் படி மாதிரி ஒரு மேடு இருக்கும், ராத்திரி தடுக்கும். ஒரு சின்ன நைட் லேம்ப் போதும். குளிக்க உக்கார ஸ்டூல் வேணும்னா புக்கிங்குக்குப் பிறகு சிறப்புத் தேவைப் படிவத்துல எழுதுங்க, ரூம்ல கொண்டு வந்து வெப்பாங்க.

கெட்டில், அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர் எதுவும் ரூம்லயும் இருக்காது, நீங்க கொண்டு போகவும் கூடாது; ஸ்கேன்ல பாத்து எடுத்து வெச்சுக்குவாங்க. 2024 செப்டம்பர்லேருந்து பல பிளக் சொருகுற எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தடை. யுஎஸ்பி துளைகள் இருக்கு, நாலு போனுக்கும் கேபிள் மட்டும் போதும். சுவர் எல்லாம் இரும்பு, அதனால காந்தக் கொக்கி ஒட்டும். பத்து கொக்கி வாங்கிட்டுப் போங்க, தொப்பி, பை, ஈரத் துண்டு எல்லாம் தரையிலிருந்து மேலே போயிடும். காலிப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில போகும். ரூம் சுத்தம் பண்றது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். காலையிலயா சாயங்காலமான்னு முதல் நாளே ரூமைக் கவனிக்கிற ஸ்டூவர்டுகிட்ட சொல்லிடுங்க.

சாப்பாடு: வின்ட்ஜாமர் பஃபேல கறி, பருப்பு, சாதம் மாதிரி ஏதாவது தினமும் கண்ணுல படும், ஆனா எதுல என்ன இருக்குன்னு கேட்டுட்டுத்தான் எடுக்கணும். அதைவிட நம்பகமானது மெயின் டைனிங் ரூம். அங்க இந்திய சைவ உணவு கிடைக்கும். முதல் ராத்திரியே ஹெட் வெயிட்டர்கிட்ட "முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது"ன்னு தெளிவாச் சொல்லுங்க. வெறும் வெஜிடேரியன்னு சொன்னா முட்டை வந்துடும். தினமும் ராத்திரி மறுநாளைக்கு என்ன வேணும்னு அவர்கிட்டயே சொல்லிட்டு வாங்க, தனியா செஞ்சு வெப்பாங்க. இதுக்குத்தான் தினமும் ஒரே நேரம், ஒரே மேசை தர்ற ட்ரெடிஷனல் டைனிங்கை எடுக்கச் சொல்றது. சாப்பிடுற நேரத்தை நாமே தேர்ந்தெடுக்கிற மை டைம்ல பரிமாறுறவங்க மாறலாம், சொன்னது கைமாறும்போது தொலையும். வீட்டுச் சமையல் கொண்டு போக விட மாட்டாங்க. சீல் பிரிக்காத முறுக்கு, ஊறுகாய் பாக்கெட் பரவாயில்ல. வெந்நீர் பஃபேல எப்பவும் கிடைக்கும், ஒரு தெர்மாஸ் போதும்.

நீலத்திரை:
முதல் நாள் பத்தி மட்டும் கடைசியா. பெரிய பெட்டிகளை டெர்மினல் வாசல்ல போர்ட்டர்கிட்ட கொடுத்தா ரூம் வாசலுக்குச் சாயங்காலம்தான் வரும், சில சமயம் இருட்டிடும். மருந்து, பாஸ்போர்ட், நீச்சல் உடை, ஒரு மாத்து உடை எல்லாம் கையில இருக்கணும். டெர்மினல்ல மாமியாருக்கு வீல்சேர் வேணும்னா முன்கூட்டியே பதிவு பண்ணிடுங்க.

ஏறின உடனே கப்பல் கம்பெனி ஆப்ல பாதுகாப்பு வீடியோவைப் பாத்துட்டு உங்க மஸ்டர் ஸ்டேஷனுக்கு (ஆபத்து நேரத்துல கூட வேண்டிய இடம்) நேர்ல போய் கார்டை ஸ்கேன் பண்ணிடணும். நாலு பேரும் தனித்தனியா. தள்ளிப் போட்டீங்கன்னா கிளம்புற நேரத்துல பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, லிஃப்ட்ல அப்போதான் செம கூட்டம். லிஃப்டும் வேற மாதிரி: வெளியே திரையில தளத்தைத் தொட்டா எந்த லிஃப்ட்னு எழுத்து காட்டும், உள்ளே போய்ப் பட்டன் தேடாதீங்க.

போனை ஏர்பிளேன் மோட்ல போட்டுட்டு கப்பல் வைஃபையை மட்டும் பிடிங்க. இல்லேன்னா கடல் நடுவுல ரோமிங் பில் ஏறும். வாந்தி பேதி கொண்டு வர்ற நோரோவைரசுக்கு சானிடைசர் சரியா வேலை செய்யாது, பஃபேக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கழுவணும். டிப்ஸ் டிக்கெட் விலையில சேராது, ஆளுக்கு நாளுக்கு 18 டாலருக்கு மேல, பையனுக்கும் உண்டு. முன்னாடியே கட்டிட்டா கடைசி நாள் பில்லுல அதிர்ச்சி இல்ல.